இருபதரை, சுழி, சுழி, இருபத்து மூன்று

மூட்டையின் வயிற்றில் அச்சடித்த எண்களை
முதல் மாதம் யாருடைய போன் நம்பரோ என்றுதான் நினைத்தேன்.
இருபதரை தழைச்சத்து. மணிச்சத்து இல்லை. சாம்பல் சத்து இல்லை.
இருபத்து மூன்று கந்தகம்.

பாலக்கோடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் உரக்கடை.
அம்மோனியம் சல்பேட் என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.
"அந்தச் சீனியாட்டம் இருக்குமே, அது."

சீனியாட்டம்தான்.
கிழிந்த மூட்டையிலிருந்து ஒருநாள் சிந்தியதை
எறும்பு ஒன்று வந்து பார்த்தது,
மீசையால் தொட்டது,
வந்த வழியே திரும்பிப் போனது.

வாளித் தண்ணீரில் கொட்டிக் கையால் கலக்கினால்
விரல் நுனியில் லேசாகக் குளிரும்.
மழைக்காலத்தில் யூரியா கட்டிபிடித்துக் கிடக்கையில்
இது பெரும்பாலும் உதிரியாகவே இருக்கும்.
கடைக்காரிக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன?

திம்மக்கா பாலிதீன் பையில்
ஒரு தக்காளிச் செடியை வேரோடு கொண்டுவருவாள்,
ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாதிரி மேஜையில் வைப்பாள்.
அடியிலை மஞ்சளா, கொழுந்து மஞ்சளா?
அடியிலை என்றால் தழைச்சத்துக் குறை:
பழைய இலையிலிருந்து பிடுங்கிப்
புதியதற்கு ஊட்டுகிறது செடி.
கொழுந்தே வெளுத்திருந்தால் கந்தகப் பசி.
கந்தகம் லேசில் இடம் மாறாது,
தீபாவளிக்குக்கூடப் புகுந்த வீட்டைவிட்டு வராத
எங்கள் அத்தை மாதிரி.

போட்டதும் மண்ணால் மூடு என்பேன்.
களிமண் அதன் கையைப் பிடித்துக்கொள்ளும்,
முதல் மழையோடு ஓட விடாது.
இதை எல்லோரிடமும் சொல்வேன்.
சொல்லாமல் விட்டது வேறு.

எர்ரனஅள்ளி மாதையனின் பெருவிரலை
மானிய மெஷின் ஏற்கவில்லை.
வேட்டியில் துடைத்து, எச்சில் தொட்டு,
நாலாம் முறை பச்சை விளக்கு எரிந்தது.
ஒன்பது வருடமாக அவர் வாங்குவது இதே மூட்டை.
மண்ணிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாததுகள்
அம்மோனியத்தைத் தின்று புளிப்பைக் கக்கும்;
வருடா வருடம் கக்கியதில்
மண் அட்டை இம்முறை ஐந்து புள்ளி இரண்டு என்றது.
கீழே ஒரு வரி: சுண்ணாம்பு இடவும்.

சல்பேட் ஒன்று.
நீத்த சுண்ணாம்பு இரண்டு.
ஒரே பில், ஒன்றன்கீழ் ஒன்றாக, என் கையெழுத்தில்.

மறுநாள் ஷட்டர் தூக்கும்போதே நின்றிருந்தார்.
கண் இரண்டும் கோவைப்பழம்.
"ரெண்டு வேலை எதுக்குன்னு
ஒரே தொட்டியில கொட்டித் தண்ணி தெளிச்சு மம்முட்டியால கலக்கினேன்.
அப்படி ஒரு நெடி, அம்மிணி!
மாடு முளைக்குச்சியைப் புடுங்கிட்டு ஓடுது.
எம்பொஞ்சாதி, நான்தான் என்னமோ குடிச்சிட்டேன்னு
ஊரைக் கூட்டிட்டா.
கலப்படத்தைக் குடுத்திட்டியா?"

முதலில் சிரிப்பு வந்தது.
அப்புறம் பில் புத்தகத்தின் கார்பன் தாள் கண்ணில் பட்டது.

கலப்படம் இல்லை, அய்யா.
உப்பு தன் மூச்சை உள்ளே அடக்கி வைத்திருந்தது,
சுண்ணாம்பு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது.
போனது வெறும் நெடி இல்லை:
நீங்கள் காசு கொடுத்த இருபதரை.
மூன்று வாரம் தள்ளிப் போடச்
சொல்லியிருக்க வேண்டும். நான்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.
ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"தொட்டில கெடக்குதே, அந்தச் சேறு.
அதைக் குப்பைல கொட்டட்டுமா?"

வேண்டாம்.
கந்தகம் எங்கும் போகவில்லை,
சுண்ணாம்போடு சேர்ந்து பெரும்பாலும் ஜிப்சமாகிக் கிடக்கும்.
நெடி அடங்கட்டும், காயட்டும்.
கடலை போட்டிருக்கிறீர்களா?

"மேட்டுக் காட்டுல அரை ஏக்கர்.
பூ எடுத்திருக்கு."

விழுது மண்ணில் இறங்கும்முன் தூவி அணைத்துவிடுங்கள்.
கடலை கேட்பது அதைத்தான்.

நம்பினாரா தெரியாது.
தக்காளிக்கு இன்னொரு மூட்டை கேட்டார்.
பெருவிரலை நீட்டினார்; சுண்ணாம்பு தின்று
தோல் உரிந்திருந்தது.
மெஷின் ஏழு முறை மறுத்தது.
எட்டாவது விரலாக
இடது மோதிரவிரலை வைத்தோம்.

பில்லில் இப்போது சிவப்புப் பேனாவால் ஒரு வரி எழுதுகிறேன்.
எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு
எழுந்து நின்று, சத்தமாக.